கோழிக்கூட்டுக்குப் போன கோல் வலை

என் ஆசை அத்தானுக்கு,

முதலில் ஒரு சின்னக் களவை ஒத்துக்கொள்கிறேன். நீங்கள் கோலுக்குள் நிற்கும்போது போடுகிற கையுறை இரண்டும் என்னிடம்தான் இருந்தன. நீங்கள் கண்ணை மூடி எட்டாம் நாள், எட்டுச்செலவு அன்று, எல்லோரும் சாப்பாட்டில் இருந்த நேரம் பார்த்து, உங்கள் அலுமாரியைத் திறந்து, மேல்தட்டில் துவாய்க்குக் கீழே கிடந்ததை எடுத்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா மூன்று நாள் தேடினார். நானும் கூட நின்று தேடினேன்.

ஞாபகத்துக்கு வைத்திருக்கத்தான் எடுத்தேன், சத்தியமாக. ஆனால் ஒரு காலை, நான் மோட்டார்சைக்கிளில் கட்டி விற்கிற மீன்பெட்டிக்குள் பெரிய திருக்கை ஒன்று வந்து கிடந்தது. வெறுங்கையால் தூக்க ஏலாது. கையுறை மோட்டார்சைக்கிள் பைக்குள்தான் இருந்தது, போட்டுப் பார்த்தேன். அத்தான், என்ன பிடி! அதற்குப் பிறகு திருக்கை, சுறா, நண்டு எல்லாவற்றுக்கும் அதுதான். நீங்கள் விளையாடிய காலத்தில் பிடித்ததைவிட இந்தப் பதினாலு மாதத்தில் உங்கள் கையுறை கூடப் பிடித்திருக்கிறது.

பாருங்கள், வெட்கப்பட வேண்டிய இடத்திலும் உங்களை வைத்து ஒரு பகிடி வந்து விழுகிறது. இந்த வாயைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் வெள்ளலை விளையாட்டுக் கழகம் இந்த வருடம் நினைவு மலர் போடுகிறது. செயலாளர் வேறு யாருமில்லை, உங்களுக்குப் பிறகு கோலுக்குள் நின்ற றிஸ்வான்தான். இப்போது கிண்ணியாவில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான். வயிறு முதலில் வரும், கொஞ்ச நேரத்தில் அவனும் வந்து சேருவான். போன மாதம் உப்புவெளிச் சந்தியில் என்னை மறித்து, "அண்ணே, சண்டைக் காலத்துப் பத்து வருசமும் நீங்கதானே எங்கட மைக். அந்தப் பத்து வருசத்துக் கீப்பர்மாரப் பத்தி மலருக்கு நாலு வரி எழுதித் தாங்க" என்றான்.

"நான் ஏழாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்கு எழுத வருமோ?"

"கதைக்கிற மாதிரியே எழுதுங்க. பிழை திருத்த ஆள் இருக்கு."

அந்த ஆள் உங்கள் மகள் வாணிதான். பிரதேச செயலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது அவளுக்கு, உங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். காலையில் சேலை கட்டி, குடையோடு பஸ்சுக்கு நிற்கிறாள். உங்களைப் போலவே நடை. கையைப் பக்கத்தில் விட்டு, அவசரமே இல்லாமல்.

சரி, நாலு வரிக்கு வருகிறேன்.

சண்டை நின்றும் தொடங்கியும் நின்றும், ஊர் மூச்சு விட்டும் அடக்கியும் கிடந்த காலம் அது. இன்றைக்குத் துறைமுகத்துப் பக்கம் தோணி விடலாமா என்று காலையில் கேட்டுத்தான் கடலுக்குப் போனோம். ஆனால் பின்னேரம் நாலரை ஆனால் எங்கள் மைதானத்தில் பந்து உருண்டுவிடும். அந்தப் பத்து வருடத்தில் வெள்ளலைக்கு நான்கு கீப்பர்கள்.

முதல் ஆள் யோகன். நல்ல நெட்டை, கால் இரண்டும் குச்சி. ‘கொக்கு’ என்று மைக்கில் நான் ஒரு தரம்தான் சொன்னேன், அவனுடைய தாயே பிறகு அப்படித்தான் கூப்பிட்டா. எந்தப் பந்தையும் விடமாட்டான். ஆனால் மைதானத்துக்குள் நாய் வந்தால் கோலையே விட்டுவிடுவான். இப்போது சுவிசில் இருக்கிறான், அங்கே நாயெல்லாம் கயிற்றோடுதானாம்.

மூன்றாவது றிஸ்வான். ‘பிசின்’. பந்து கையில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். நாலாவது தபால்காரர் செல்வம். ‘கடுதாசி’. பந்தை அழகாகப் பிடிப்பார், பிறகு எதிரணிக்காரனின் காலடிக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்.

எல்லாப் பட்டமும் நான் வைத்ததுதான். அவர்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது. யோகன் இன்றைக்கும் சுவிசிலிருந்து ரெலிபோன் எடுத்தால், "கொக்கு கதைக்கிறன்" என்றுதான் தொடங்குவான்.

இரண்டாவது ஆள் நீங்கள். இரண்டு வருடம் நின்றீர்கள். உங்களுக்கும் ஒரு பட்டம் வைத்தேன். அதை நீங்கள் ஒருநாளும் உங்கள் வாயால் சொன்னதில்லை.

அத்தான், அந்தப் பட்டம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும். இந்த மலரை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது நான் சொன்ன கதை மட்டும்தான். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

கழகத்துக்குக் கோல் வலை வாங்க வசதியில்லாத நாள். கரைவலைக்காரர் கழித்துப் போடுகிற வலையை வாங்கி வந்து கோல் கம்பத்தில் கட்டுவோம். நான் அப்போது கரையில் கிழிந்த வலை பொத்துகிறவன், அதனால் கோலுக்கு வலை கட்டுவதும் என் தலையில்தான். பந்தைத் தொட்டு விளையாடத் தெரியாத எனக்கு இரண்டு வேலை தந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முதல் வலை கட்டுவது, ஆட்டம் தொடங்கினால் மைக்கைப் பிடிப்பது. இரண்டிலும் என்னை விட்டால் ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு.

அந்த வருடம் இறுதியாட்டம் என்பதால் கம்பங்களுக்குப் புதிதாக வெள்ளைப் பெயின்ற் அடித்தோம். காயும்வரை பொறுக்காமல் நான் வலையைக் கட்டிவிட்டேன். வலையின் ஓரம் முழுக்க வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது.

அதே கிழமை எங்கள் அம்மாவின் கோழிகளைக் கீரி பிடிக்கத் தொடங்கியிருந்தது. அம்மா காலையும் மாலையும் ஒரே பாட்டு.

"ஊருக்கெல்லாம் வலை பொத்துறாய். என்ர கோழிக்கு ஒரு முழம் வலை இல்லையோடா?"

இறுதியாட்டத்துக்கு முதல்நாள் பின்னேரம் நான் கத்தியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பின்வலையில் கை வைக்கவில்லை, அவ்வளவு புத்தி இருந்தது. கடல் பக்கத்துக் கோலில், கம்பத்தை ஒட்டிய பக்கவலையில், கீழே ஒரு துண்டு வெட்டினேன். பக்கவலைதானே, கோல் பின்வலையில்தானே விழும் என்று நினைத்தேன். மிச்ச வலையை இழுத்துத் தொங்கவிட்டால் வெட்டினது தெரியவில்லை. வெட்டின துண்டைக் கொண்டுபோய் எங்கள் லிங்கநகர் வீட்டுப் பின்வளவில் கோழிக்கூட்டுக்கு அடித்தேன். அம்மாவுக்குப் பெரிய சந்தோசம். அன்றைக்கு எனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்தா.

மறுநாள் உங்களுக்கும் கிளிவெட்டிப் பக்கத்து அணிக்கும் ஆட்டம். கிளிவெட்டி நீங்கள் பிறந்த ஊர். அக்காவுக்கும் உங்களுக்கும் கல்யாணப் பேச்சு முற்றாகியிருந்தது. அதனால் என் வாய்க்கு அன்றைக்கு இரட்டைக் குஷி. "தாய்வீடா, மாமியார் வீடா, இன்றைக்குத் தெரிந்துவிடும் ரசிகப் பெருமக்களே" என்று தொடக்கத்திலேயே ஒன்று போட்டேன். நீங்கள் கம்பத்தடியில் நின்று என்னைப் பார்த்துக் கையுறையால் ஒரு அடி காட்டினீர்கள்.

ஆட்டம் முடியப் போகிறது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. காற்று கடலிலிருந்து அடித்தது, பக்கவலை உப்பித் திறந்துவிட்டது. அவர்களுடைய ஆள் ஒருவன் தூரத்தில், மைதானத்தின் ஓரத்திலிருந்து சாய்வாக அடித்தான். பந்து கம்பத்துக்கு வெளியே, ஒரு முழம் தள்ளிப் போனது. நீங்கள் பார்த்தீர்கள். கையைக் கீழே விட்டுவிட்டீர்கள். வெளியே போகிற பந்துக்குக் கீப்பர் ஏன் பாய வேண்டும்?

பந்து நான் வெட்டின ஓட்டையால் உள்ளே வந்து பின்வலையில் தொங்கியது.

நடுவர் மைதானத்தின் நடுவில் நின்றார், முகத்துக்கு நேரே வெயில். வலைக்குள் பந்தைக் கண்டார், விசிலை ஊதினார். அந்தப் பக்கம் சனம் நிற்பதில்லை, பின்னால் கடல்தான். மீனுக்கு ஐஸ் போடுகிற வாடியிலிருந்து கரன்ட் எடுக்க வசதி என்று என் மைக் மேசை மட்டும்தான் அந்த மூலையில் இருந்தது. என்ன நடந்தது என்று அந்த மைதானத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் நீங்கள். மற்றவனின் கையில் மைக்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘பொறுங்கோ, அது கோல் இல்லை’ என்று நாலு சொல். தொண்டை வரை வந்தது. சொன்னால் அடுத்த கேள்வி என்ன? வலையில் ஏன் ஓட்டை, யார் கட்டினது? அந்த நாலு சொல்லை விழுங்கிவிட்டு வேறொன்றைத் துப்பினேன்.

"அன்பான ரசிகப் பெருமக்களே, எங்கட கீப்பர் சிலையாகி விட்டார்! ஆராவது ஒரு மாலை கொண்டு வந்து போடுங்கோ!"

மைதானம் முழுக்கச் சிரித்தது. தோற்கப்போகிற எங்கள் ஆட்களே சிரித்தார்கள். ‘சிலை’ அன்றைக்குத்தான் பிறந்தது.

இத்தோடு நின்றிருந்தால்கூட வாய்தான் குற்றம் என்று சொல்லித் தப்பலாம். நீங்கள் "வெளியால! வெளியால போனது!" என்று கத்திக்கொண்டு நடுவரிடம் ஓடினீர்கள். எல்லாரும் நடுவில் கூடித் தள்ளுப்பட்டார்கள். நான் மைக்கை வைத்தேன். கோலுக்குப் பின்னால் போய்க் குந்தி, இடுப்பில் செருகியிருந்த நூலை எடுத்து, வெட்டின இரண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்து முடிச்சுப் போட்டேன். நாலு முடிச்சு. என் கை அவ்வளவு வேகமாக ஒருநாளும் வேலை செய்ததில்லை. கதிரையில் திரும்ப வந்து இருந்தபோது நீங்கள் நடுவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள்.

"சேர், இந்த ஓட்டையால பாருங்கோ..."

குனிந்தீர்கள். ஓட்டை இல்லை. வலையை மேலும் கீழும் தடவினீர்கள். அந்தத் தடவலை நான் இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் அத்தான். கண் தெரியாத ஆள் சுவரில் வாசலைத் தேடுகிற மாதிரி.

நடுவர் சொன்னார், "தம்பி, கீப்பர் பிடிக்க வேண்டியது பந்தை. வலையை இல்லை."

திரும்பவும் சிரிப்பு. நானும் மைக்கில் சிரித்தேன்.

அதன் பிறகு ஊர் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. பிறந்த ஊருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்றார்கள், பிடிபட்டதும் ஓட்டை என்று பொய் சொன்னார் என்றார்கள். நீங்கள் போட்டிருந்த சேட்டைக் கழற்றி மடித்துக் கழகத்துக் கதிரையில் வைத்துவிட்டுப் போனீர்கள். திரும்ப ஒருநாளும் கோலுக்குள் நிற்கவில்லை. கேட்டவர்களுக்கு, "துறைமுகத்தில வேலை கூடிப் போச்சு" என்று சொன்னீர்கள்.

மூன்று மாதத்தில் கல்யாணம். நீங்கள் மாலையோடு மணவறையில் இருந்தபோது, "சிலைக்கு மாலை விழுந்திட்டுது!" என்று முதலில் கத்தினது நான்தான். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், நீங்கள் லிங்கநகர் வீட்டுக்கு வந்தீர்கள். அதே வீடு, அதே பின்வளவு, அதே கோழிக்கூடு. அது எனக்கு அப்போது உறைக்கவேயில்லை. நான் எவ்வளவு பெரிய மொக்கன் என்று பாருங்கள்.

பிறகு வருடக் கணக்கில் ‘சிலை அத்தான்’ தான். சோறு போட்டால், "சிலைக்குப் படையல்." நீங்கள் சாய்கதிரையில் கண் அயர்ந்தால், "சிலைக்கு நடை சாத்தியாச்சு." நீங்கள் சிரிப்பீர்கள். அதனால் உங்களுக்கு வலிக்கவில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

செத்தவீட்டன்று உங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். துறைமுகத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து மாலை போட்டார்கள். எனக்குப் பின்னால் நின்ற யாரோ ஒருவர் மெல்லச் சொன்னார், "சிலைக்கு மாலை." இன்னொருவர் இருமுகிற மாதிரிச் சிரித்தார். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தச் சொல் அவர்களிடம் இருந்தது, எடுத்துச் சொன்னார்கள். அதை அவர்களிடம் கொடுத்தவன் முன்வரிசையில் அழுதுகொண்டு நின்றான்.

அன்றைக்காவது சொன்னேனா? இல்லை. கையுறையைத்தான் களவெடுத்தேன்.

மலர் வேலைக்கு இப்போது வருகிறேன். மலரோடு கழகத்துக் கட்டிடத்தில் ஒரு பெயர்ப்பலகையும் வைக்கிறார்களாம், அந்தப் பத்து வருடத்துக் கீப்பர்களின் பெயர் போட்டு. அதற்குக் கூட்டம். கழகத் தலைவர் நம்முடைய மாஸ்டர்தான், உங்களுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் வெண்கட்டி பிடிக்கிற மாதிரியே பேனை பிடிக்கிறார். அவர் எழுதிக்கொண்டே வாசித்தார்.

"யோகன். றிஸ்வான். செல்வம். மூண்டு பேர்."

"இடையில ரெண்டு வருசம் சிவநேசன் அண்ணன் நிண்டாரே மாஸ்டர்," என்றான் றிஸ்வான்.

"தெரியும். அதை விடுவம். பலகையில பேரைக் கண்டா வாற சனம் அந்தக் கோலைக் கதைச்சுச் சிரிக்கும். போன மனுசனுக்கு அந்தச் சிரிப்புத் தேவையோ?"

உங்களுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அவர் சொன்னார் அத்தான். அதுதான் எனக்குத் தாங்க ஏலாமல் இருந்தது. றிஸ்வான் என் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, நீங்க மைக்கில நிண்டீங்க. அந்தப் பந்து உண்மையா எப்பிடிப் போனது?"

பதினைந்து பேர் என்னைப் பார்க்கிறார்கள். நான் ஒரு பகிடியைத் தேடினேன். வாழ்க்கையில் முதல் தரம் ஒன்றும் கிடைக்கவில்லை.

"வெயில்ல... சரியாத் தெரியேல்ல," என்றேன். தேத்தண்ணீரைக் குடித்தேன். அது ஆறிப்போயிருந்தது.

அடுத்தநாள் மீன் வித்து முடித்த கையோடு லிங்கநகருக்குப் போனேன். அக்கா குசினி வாசலில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முதலில் கையுறையைக் கொடுத்தேன். சின்னக் களவைச் சொன்னால் பெரிய களவு வெளியே வர லேசாக இருக்கும் என்று நினைத்தேன். அக்கா வாங்கி முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"சீ! என்னடா இது, கருவாட்டு மணம்?"

"திருக்கை."

"அவர்ர கையுறையிலயோ?"

"ஓம்." பிறகு மூச்சை விடாமல் மற்றதையும் சொன்னேன். கத்தி, கீரி, பக்கவலை, நாலு முடிச்சு, எல்லாம். சொல்லி முடிக்கும்வரை அக்கா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தார்.

"அவருக்குத் தெரியும்டா," என்றார்.

நான் அப்படியே வாசற்படியில் குந்திவிட்டேன்.

"கல்யாணம் முடிஞ்சு ரெண்டாம் நாள், கிணத்தடிக்கு முகம் கழுவப் போனவர் வரேல்ல. போய்ப் பாத்தா கோழிக்கூட்டுக்கு முன்னால குந்தியிருக்கிறார். வலையில வெள்ளைப் பெயின்ற் கிடந்ததெல்லே, அதை நகத்தால சுரண்டிப் பாத்துக்கொண்டிருக்கிறார். என்ன பாக்கிறியள் எண்டு கேட்டன். ‘ஒண்டுமில்லை, தெரிஞ்ச வலை’ எண்டார். பிறகுதான் எனக்கு எல்லாம் சொன்னவர்."

"கோவிச்சவரோ?"

"அண்டைக்குச் சாப்பிடேல்ல. அடுத்தநாள் சாப்பிட்டார்."

"ஏன் அக்கா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

"நீயா வந்து சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தவர். ‘சொல்லுவான், அவன்ர வாய்தான் சும்மா இருக்காதே’ எண்டு சொல்லுவார். கனகாலம் பாத்தார்."

பிறகு அக்கா கீரைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ அவரைச் சிலை எண்டு சொல்லேக்க வீட்டில எல்லாரும் சிரிச்சினம், அவரும் சிரிச்சார். நான் ஒருநாளும் சிரிக்கேல்ல. நீ அதைக் கவனிக்கேல்ல, என்ன?"

கவனிக்கவில்லை அத்தான். சிரிக்கிற முகத்தை மட்டும்தான் நான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோழிக்கூட்டு வலை பிய்ந்தபோதெல்லாம் நீங்கள்தானே பொத்தினீர்கள்? ஒருமுறை நான் போயிருந்தபோது ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினீர்கள். "இந்தா, இதை நீ பொத்தன் மச்சான், உன்ர கைவேலை நல்லாத் தெரியும் எனக்கு" என்றீர்கள். அது நீங்கள் திறந்துவிட்ட வாசல். நான் என்ன சொன்னேன்? "சிலை இப்ப கோழிக்கும் காவலோ?" என்றேன். நீங்கள் ஊசியைத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். என்ன நினைத்தீர்கள் அந்த நேரம்? இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றா? இல்லை, இனிப் பொறுத்துப் பயனில்லை என்றா? அக்காவுக்கும் தெரியவில்லை. கேட்டுவிட்டேன்.

அன்று பின்னேரமே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். றிஸ்வானையும் வரச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், போட்டார், திரும்பக் கழற்றினார்.

"அப்ப நாங்கள் அந்த மனுசனை இவ்வளவு காலமும்..." என்று இழுத்தார்.

றிஸ்வான் கதிரையை விட்டு எழும்பி வந்தான். அடிப்பானோ என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் நினைத்தேன்.

"அண்ணே, அந்தக் கோழி முட்டைய நானும் உங்கட வீட்ட வந்து திண்டிருக்கன்," என்றான். "நல்லாத்தான் இருந்திச்சு. இப்ப நெஞ்சில நிக்குது."

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். "இந்த வருசத்து ஆட்டங்களில மைக் உனக்கில்லை. வலையைக் கட்டு. கட்டினதை ரெண்டு பேர் பாத்த பிறகுதான் விசில். மற்றது, மலருக்கு நீ எழுதுறதில இதையும் எழுது. அந்தாள் ஊருக்கு முன்னால வெட்கப்பட்டவர். நீயும் ஊருக்கு முன்னால வெட்கப்படு."

அதனால்தான் அத்தான் நாலு வரி இவ்வளவு நீண்டது. மலர் வாசிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன்: வெள்ளலையின் இரண்டாவது கீப்பர் சிவநேசன். அன்றைக்கு அவர் விட்டது கோல் இல்லை. வெளியே போன பந்து. ஓட்டை என் கத்தியால் வந்தது, பொய் என் வாயால் வந்தது. இனி அந்தப் பட்டத்தை யாராவது சொல்ல வேண்டுமென்றால் என்னை அப்படிச் சொல்லுங்கள்.

இதை வாணிதான் திருத்தித் தந்தாள். கத்தியோடு மைதானத்துக்குப் போன இடம் வந்ததும் பேனை நின்றது. எழுந்து பின்வளவுக்குப் போனாள். கூடு இப்போது இல்லை, கம்பு இரண்டு மட்டும் நிற்கிறது. கன நேரம் கழித்து வந்து, விட்ட வரியிலிருந்து திருத்தினாள். நான் கிளம்பும்போது, "அப்பாட பேருக்கு முன்னால ‘திரு’ போடுங்கோ" என்றாள், மாமா என்று கூப்பிடவில்லை. அவளுக்கு நான் இன்னும் கொஞ்சக் காலம் மாமா இல்லை, இந்த வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற ஆள்தான். அது சரிதான். திரு. சிவநேசன்.

பலகையில் யோகனுக்கும் றிஸ்வானுக்கும் நடுவில் உங்கள் பெயரை எழுதிவிட்டார்கள். அதுவும் வெள்ளைப் பெயின்ற். தொட்டுப் பார்க்கக் கை போனது. காயட்டும் என்று வந்துவிட்டேன். கையுறையை அக்கா மூன்று தரம் சவர்க்காரம் போட்டுத் தோய்த்து உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். மணம் போகவில்லை. பூனை ஒன்று அடிக்கடி வந்து படத்துக்கு முன்னால் பக்தியோடு இருக்கிறது.

நான் உயிரோடு இருக்கும்வரை வெள்ளலையின் இரண்டு கோலுக்கும் வலையை நானே கட்டுவேன் அத்தான், ஒவ்வொரு வலைக்கண்ணாகக் கையால் தடவிப் பார்த்து, நீங்கள் அன்றைக்குத் தடவின மாதிரி. இதுதான் என் சொல். இதில் பகிடி இல்லை.

நேற்று முதலாவது ஆட்டம். கடல் பக்கத்துக் கோலுக்கு வலையை உள்ளே நின்று கட்டினேன், அப்போதுதான் ஓட்டை இருந்தால் வெளிச்சத்தில் தெரியும். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே, எல்லா முடிச்சையும் இரட்டையாகப் போட்டேன். மாஸ்டரும் இன்னொருவரும் வெளியே நின்று பார்த்து, சரி என்றார்கள். நடுவர் விசில் ஊதினார். அப்போதுதான் என் சாரத்தையும் சேர்த்து நாலு இடத்தில் கட்டியிருப்பது தெரிந்தது. அவிழ்க்க ஏலவில்லை, நல்ல முடிச்சு. சாரத்தை விட்டுவிட்டு வர வழி இருந்தது, ஆனால் பெண்களும் ஆட்டம் பார்க்க வந்திருந்தார்கள். நீங்கள் விளையாடுங்கோ, நான் மெல்ல வாறன் என்று கீப்பரிடம் சொன்னேன். மைக்கில் றிஸ்வான், "ரசிகப் பெருமக்களே, எங்கட கோலுக்குள்ள ரெண்டு பேர் நிக்கிறாங்க, ஒராள் சாரத்தோட" என்றான். ‘சிலை’ என்ற அந்தச் சொல்லை அவன் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஐந்தாவது நிமிடம் பந்து வந்தது. கீப்பர் பாய்ந்தார், எட்டவில்லை. பந்து என் வயிற்றில் பட்டுக் காலடியில் விழுந்தது. கோல் கொடுத்தார்கள். நான் பார்த்தேன், இரண்டு கம்பத்துக்கும் நடுவால்தான் வந்தது.

உங்கள் வீட்டுக்காரியின் தம்பி,
உங்கள் மச்சான்,
பாலன்